நேரப்பெட்டிக்கு மாற்றாக வந்த சேவல்

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு நரி இருந்தது. எனக்கு முதலில் கெடுதல் செய்தது அதுதான். மற்றவர்கள் பிறகு சேர்ந்துகொண்டார்கள். நான் அந்தக் காட்டுச் சேவல்.

முன்பெல்லாம் காடு என் கூவலுக்குத்தான் எழுந்தது. மாசிலாமணி எங்கிருந்தோ ஒரு நேரப்பெட்டியைக் கொண்டுவந்து பாறைமேல் வைத்தது. பெட்டி வானத்திலுள்ள செயற்கைக்கோளிடம் நேரம் கேட்கும். கேட்டதை எல்லா விலங்குகளின் போனுக்கும் அனுப்பும். அன்றோடு யாரும் தலை நிமிர்ந்து சூரியனைப் பார்ப்பதில்லை. குட்டையில் தண்ணீர் முறைகூட அந்தப் பெட்டிப்படிதான். உச்சிப்பொழுதுவரை சிறுத்தைக்கு, அதன்பின் மான்களுக்கு.

ஒரு மழைநாளில் பெட்டி நின்றுபோனது. யார் முறை என்று தெரியாமல் மான்கள் அன்று தண்ணீரே குடிக்கவில்லை. மறுநாள் பெட்டி ஓடத் தொடங்கிவிட்டது என்றாலும், பயந்துபோன நரி என்னைத் தேடி வந்தது.

“அண்ணாச்சி, பெட்டிக்கு ஒரு மாற்று வேணும். அது நின்னா நீங்க கூவணும். கூலியா ஒரு கரையான் புற்று, முழுசா.”

“நிக்காம தப்பா ஓடினா?”

“அதெல்லாம் ஓடாது.”

கோடையில் ஒரு குரங்கு பெட்டியின் ஆன்டெனாவை முறித்து முதுகு சொறிந்துகொண்டது. வானத்தோடு பேச்சு அறுந்த பெட்டி தன் மனம்போல ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் பின்தங்கியது. நரியிடம் போய்ச் சொன்னேன்.

“நின்னுடுச்சா?”

“ஓடுது. ஆனா...”

“ஓடுதுல்ல. போய்ப் படுங்க, அண்ணாச்சி.”

படுப்பேனா? என் நிழல் காலடிக்குள் வந்ததும் கிளையில் ஏறி உச்சிப்பொழுது என்று கூவினேன்.

செவந்தி என்ற மானின் போனில் அன்று சார்ஜ் இல்லை. என் கூவலை நம்பி, குட்டியோடு குட்டைக்குப் போனது. அங்கே சிறுத்தை கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏம்மா, மணி பதினொண்ணுதானே ஆகுது?”

“சேவல் கூவிடுச்சே, ஐயா.”

“என் முறையில வந்தா நீ விருந்தாளி இல்லம்மா, சாப்பாடு.”

செவந்தி குட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிப் பிழைத்தது. குட்டியின் வால் நுனி மட்டும் சிறுத்தையிடம் தங்கிவிட்டது.

மாலையில் கூட்டம். குற்றவாளி நான்.

“காடு முழுக்கப் பதினொண்ணுங்கிறப்போ நீங்க மட்டும் பன்னெண்டுன்னா எப்படி?” என்றது நரி.

“சூரியனைப் பாரு.”

“அது நம்ம சங்கத்துல உறுப்பினரா?”

செவந்தியும் என் பக்கம் திரும்பியது. “பெரியவரே, எல்லாரோடயும் சேர்ந்து நீங்களும் தப்பா கூவியிருந்தா எம் பிள்ளைக்கு வால் மிஞ்சியிருக்கும்.”

அது சொன்னது உண்மை என்பதால் எனக்குக் கோபம் கூடியது.

மாற்றுச் சேவல் இனிமேல் பெட்டியில் மணியைப் பார்த்துவிட்டுத்தான் கூவ வேண்டும் என்று கூட்டம் முடிவெடுத்தது. நரிக்குப் பொன்னாடை போட்டார்கள். ஆன்டெனாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெட்டி இன்னும் பின்தங்கிக்கொண்டே போகிறது. நேற்று நடுப்பகலில் விடியலுக்குக் கூவினேன். எல்லோரும் கொட்டாவி விட்டபடி எழுந்தார்கள். சிறுத்தையும் மான்களும் பெட்டி சொன்ன முறைப்படி, ஒருவரையொருவர் பார்க்காமலே தண்ணீர் குடித்தார்கள். என் புற்றைக் கேட்டேன்.

“பெட்டி இன்னும் நிக்கலையே, அண்ணாச்சி,” என்றது மாசிலாமணி.

நீதி: சிறுத்தையின் போன் காட்டுவதே சரியான மணி. சூரியன் வேறு மாதிரி சொன்னால், கூவுவதற்கு முன்பே புற்றை வாங்கிக்கொள்ளவும்.