பச்சைப் பொத்தானும் ராகு காலமும்

சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை என்று சொல்லுகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புதுவீடு குடிபோனதைப் பார்த்ததில்லை. நானும் அந்தக் கூட்டம்தான். நம்பிக்கை கிடையாது, ஆனாலும் எதற்கும் ராகு காலம் கழியட்டும் என்று நினைக்கிற ஆள். இந்தச் சின்னப் பழக்கத்தால் ஒரு தொழிற்சாலையையே நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. (முழுத் தொழிற்சாலை இல்லை, ஒரேயொரு இயந்திரம்தான். கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.)

இது இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நடந்தது. திருகோணமலையிலிருந்து வந்து கனடாவில், மொன்றியல் நகரின் லாசால் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தோம். கணவர் துறைமுகத்தில் லொறி ஓட்டினார். நான் ஒரு பிஸ்கற் கொம்பனியில் பெட்டி ஒட்டினேன். ஒருநாள் அந்தப் பெட்டி ஒட்டும் வேலையை ஒரு இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றப் பெண்கள் திட்டினார்கள். எனக்கும் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் நான் போகிற வழியில் நின்று அந்த இயந்திரத்தை வாய் பார்த்தேன். எங்கள் ஆறு பேருடைய வேலையையும் அது பேச்சில்லாமல் செய்துகொண்டிருந்தது. இதன் எலும்பையும் பல்லையும் எங்கே செய்கிறார்கள் என்று யோசித்தபடியே பஸ் ஏறினேன்.

அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பெரியவர்களுக்கும் உலோகம் வெட்டும் தொழில் பழக்குகிறார்கள் என்று அறிந்து, முப்பத்தெட்டு வயதில் போய்ப் பதிந்தேன். கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இரும்பு வெட்டவோ? நீ பிலாக்காய் வெட்டினாலே எனக்கு மருந்துக் கடைக்கு ஓடவேணுமப்பா."

ஆனால் முதல்நாள் அங்கே உலோகம் வெட்டும் இயந்திரத்தைக் கண்டபோது எனக்குக் கும்பிடவேண்டும் போல இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பால் நிறத் தண்ணீர் சீறிப் பாய, அலுமினியக் கட்டி ஒன்று கத்திக்குக் கீழே வெண்ணெயாகச் சுருண்டு சுருண்டு விழுந்தது. கதவைத் திறந்தால் உள்ளே ஒரு விமானத்தின் சின்ன உறுப்பு, தலைமயிரில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் பிழையில்லாமல். கணினிக்குச் சொன்னதை அப்படியே செய்கிற ஒரு மலை விழுங்கி அது. நான் சொல்லுவதைக் கேட்க என் வீட்டிலேயே ஆளில்லாத காலம்.

படிப்பு முடிய, கடைசிக் கட்டமாக ஒரு உண்மையான பட்டறையில் சில வாரங்கள் பழகுநராக வேலை செய்ய வேண்டும். பட்டறை 'இவர் சரி' என்று சொன்னால்தான் சான்றிதழ். சொல்லாவிட்டால் அவ்வளவு காலமும் வேலைச்சட்டை போட்டுப் பிரெஞ்சிலும் கணக்கிலும் மூளையைக் கசக்கியது வீண். திரும்பவும் பெட்டி ஒட்டத்தான் போகவேண்டும், அதுவும் இப்போது இல்லை. எனக்குக் கிடைத்தது லொங்குய் என்ற பக்கத்து ஊரில் விமான உறுப்புகள் செய்யும் ஒரு சின்னப் பட்டறை. தொடக்கம் மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை.

எங்கள் குடும்பத்தின் பஞ்சாங்கம் என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா. மேல்மாடியில் இருந்தார். ஞாயிறு பின்னேரம் இறங்கி வந்து, வேலைக்குப் போவதில் குற்றமில்லை, ஆனால் ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் மிசினில் கையை வைத்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அந்த நேரத்தை மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பட்டறையில் எனக்குப் பொறுப்பானவள் மெலானி. இருபத்திமூன்று வயதிருக்கும், மூக்குத்தி போட்ட, பிரெஞ்சு பேசுகிற கெபெக் மாகாணத்துப் பிள்ளை. ஏழே முக்காலுக்கு என்னை இயந்திரத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். எல்லாம் பூட்டித் தயாராக இருக்கிறது, நீ ஒருதரம் சரிபார்த்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்து என்றாள்.

அழுத்துவதா? நட்ட நடு ராகு காலத்திலா?

சரிபார்க்கத் தொடங்கினேன். கட்டியைப் பிடித்திருந்த இடுக்கியை அசைத்துப் பார்த்தேன். அளந்தேன். அளந்ததை அளந்தேன். கணினித் திரையில் இருந்த நிரலை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன், கோயிலில் தேவாரம் படிப்பதுபோல. மெலானி முதலில் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு முகம் மாறியது. பக்கத்து இயந்திரத்தில் நின்ற இரண்டு பெடியன்களைக் கூப்பிட்டு, பாருங்கள், வேலை என்றால் இப்படித்தான் தொடங்கவேண்டும் என்றாள். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பெருமையில் எனக்குத் தலை கூரையில் முட்டியது.

எட்டு நாற்பதுக்குச் சரிபார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ராகு மட்டும் மிச்சம். மூன்று பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சும்மா நிற்க முடியுமா? வெட்டும் கத்திகள் செருகியிருக்கிற சக்கரத்தைத் திறந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றி, வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலத் துலக்கித் திரும்பச் செருகினேன். இயந்திரத்துக்குக் கண் கிடையாது. மூன்றாம் இடத்தில் கட்டைக் கத்தி, நாலாம் இடத்தில் நீளக் கத்தி என்று சொல்லி வைத்தால் அப்படியே நம்பும். பக்தி மேலிட்டதில் நான் அவை இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிட்டேன்.

ஒன்பது மணி. எதற்கும் இன்னும் ஒரு நிமிடம் விட்டேன். பிள்ளையாரை நினைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

கட்டைக் கத்தி என்று நினைத்து நீளக் கத்தியோடு இயந்திரம் முழு வேகத்தில் இறங்கியது. தேர்த்திருவிழாவில் நூறு தேங்காயை ஒரே அடியில் உடைத்த சத்தம். கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ பறந்தது. மெலானி பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். பால் நிறத் தண்ணீர் மட்டும் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

முதலாளி வந்தார். நரைத்த தாடி, அவசரப்படாத மனிதர். உடைந்த கத்தியைப் பார்த்தார், காயம்பட்ட இடுக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெலானி என் பொறுமையைப் பற்றிச் சொன்னாளாம். அதுதான் அவருக்கு விளங்கவில்லை. இவ்வளவு நேரம் எதற்காகக் காத்திருந்தாய் என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்லுகிற அளவுக்குப் பிரெஞ்சு வராது. தெரிந்த சொற்களை வைத்து உண்மையைச் சொன்னேன். ஒரு பாம்பு இருக்கிறது. உடம்பு இல்லை, தலை மட்டும். அது சூரியனை விழுங்கும். திங்கட்கிழமைகளில் ஏழரைக்கு வந்து ஒன்பதுக்குப் போகும். அதுவரை நல்ல காரியம் தொடங்கக்கூடாது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார்.

மூன்றிலிருந்து நாலரை என்றேன்.

"ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணித்தியாலமா? சாப்பாட்டு நேரத்திலும் வருமா?"

புதன்கிழமை மட்டும் என்றேன். அவர் தலையாட்டினார். வேலை நேரத்தோடு கணக்குப் பார்க்கிறார் என்று பிறகுதான் விளங்கியது.

அன்று என்னை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. பிழை எங்கே என்று நீயே தேடிக் கண்டுபிடி என்றாள் மெலானி. கத்திகள் மாறியிருந்ததை நானே கண்டேன். பிறகு திருத்துகிறவர்கள் வந்து இயந்திரத்தின் தலையைக் கழற்றினார்கள். பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன். அந்தப் பெரிய அடியைத் தாங்கிய உருளைகள் உள்ளே நகை மாதிரி வரிசையாக மின்னின. அவ்வளவு அழகை அதுவரைக்கும் நான் கண்டதில்லை. அதுவரை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற நான் அழுகையை மறந்துவிட்டேன். முதலாளி போகும்போது ஒன்றுதான் சொன்னார். நாளைக்கு எல்லாவற்றையும் நீ தனியாகப் பூட்டி ஒரு உறுப்பு வெட்டு; சரியாக வந்தால் நீ இங்கே இருக்கலாம், வராவிட்டால் உன் பயிற்சி நிலையத்துக்கு நான் தொலைபேசி எடுப்பேன்.

வீட்டில் சொன்னேன். கணவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார், அது மூக்கால் வந்தது. மச்சாள் சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணினார்.

"இவங்கள் கோடையில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிப்போடுவாங்கள். சூரியனுக்கு அது தெரியுமே? ராகு நிண்டது எட்டரையில இருந்து பத்து வரைக்கும். நீ சரியா அதின்ர வாய்க்குள்ளதான் கையை விட்டிருக்கிறாய் றஞ்சி."

அதாவது, நான் கஷ்டப்பட்டுக் காத்திருந்து காத்திருந்து ராகு காலத்துக்குள் போய் விழுந்திருக்கிறேன்.

அடுத்தநாள் திருத்த வேலை இழுத்துக்கொண்டே போனது. மெலானி வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றாள். நான் எல்லாவற்றையும் பூட்டி, கத்திகளை இடம் பார்த்துச் செருகி, ஒவ்வொன்றின் நீளத்தையும் புதிதாக அளந்து நிமிர்ந்தபோது மணி நாலேகால். என் கணக்கில் மூன்றிலிருந்து நாலரை. மச்சாளின் கணக்கில் நாலிலிருந்து ஐந்தரை. இரண்டு கணக்கிலும் ராகு காலம். தப்ப வழியே இல்லை.

முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். "பாம்பு வந்துவிட்டதா?" என்று மெதுவாகக் கேட்டார். கேலி இல்லை. நான் காத்திருப்பேன் என்று சொன்னால் அவரும் காத்திருப்பார் என்று தெரிந்தது. அதுதான் என்னை உலுப்பியது.

"வந்துவிட்டது" என்று சொல்லி அழுத்தினேன்.

பால் நிறத் தண்ணீர் சீறியது. கத்தி இறங்கியது, தொட்டது, சுருள் சுருளாக வெள்ளி கொட்டியது. கதவு திறந்ததும் மெலானி அந்த உறுப்பை எடுத்துத் துடைத்து எல்லாப் பக்கமும் அளந்தாள். சரியென்று தலையாட்டி என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது. இதை நான் செய்தேனா என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெட்டி ஒட்டிய கை அது.

இப்போதும் அதே பட்டறையில்தான் இருக்கிறேன். புதிய பழகுநர் வந்தால் முதல் ஒன்றரை மணித்தியாலம் பொத்தானைத் தொடக்கூடாது. பார்க்கலாம், கேட்கலாம், எதையும் கழற்றக்கூடாது. மெலானி போட்ட சட்டம். அதற்குப் பெயர் 'பாம்பு நேரம்'. பெயர் எப்படி வந்தது என்று அந்தப் பெடியன்கள் என்னிடம் கேட்கும்போது, வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், முழுக்கதையையும் இப்போது நல்ல பிரெஞ்சிலேயே சொல்லுகிறேன்.

வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது ஒரு வேலையைத் தொடங்காமல் தடவிக்கொண்டு நின்றால், "என்ன, பாம்பு நிக்குதோ?" என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டால், ஓம், நிக்குது என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவேன்.