நூற்று அறுபதைத் தொடாதே

ஆறாம் அறைப் பெண்மணி வரவேற்பு மேசைமேல் துண்டை விரித்துக் காட்டினாள். நடுவில் இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று ஒரு பிசின்.

"வெந்நீர்க் குழாயில வந்தது. இதுலதான் தலைக்குக் குளிச்சிருக்கேன்."

வெர்னா ஸ்டக்கல் மன்னிப்புக் கேட்டாள். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் வடக்கு வாசலில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு அறை விடுதி அவளுடையது. வரும் சனிக்கிழமைக்கு ஒரு கல்யாணக் கூட்டம் பதினோரு அறைகளை எடுத்திருந்தது. நேராகக் கொதிகலனிடம் போனாள். நூற்று இருபது டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்த முள்ளை நூற்று நாற்பதுக்குத் திருகினாள். எந்தக் கிருமியானாலும் வெந்து சாகட்டும்.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, மூன்று அறைகளில் பிசின்.

ஐம்பது மைலுக்குள் ஒரே குழாய்க்காரன் ஆரின் ப்ராட். நான்கு வருடத்துக்கு முன் அவள் விவாகரத்து செய்த புருஷன். பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டாள். பார்த்துவிட்டுப் போனவன், மாலையில் வந்து சொன்னான்.

"சூட்டைக் குறை. இது சூட்டுல வாழுற ஜந்து. என்ன ஆனாலும் நூத்தி அறுபதை மட்டும் தொட்டுடாத."

"உன்கூட வாழ்ந்த பன்னிரண்டு வருஷமும் இதே பேச்சுதான். நீ சொல்லி எது உருப்பட்டிருக்கு?"

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வண்டி தெருமுனை தாண்டியதும் அவள் முள்ளை நூற்று அறுபதில் வைத்தாள்.

வியாழனுக்குள் எல்லா அறையிலும் பிசின். ஒருவர் விரலைச் சுட்டுக்கொண்டார். ப்ளீச் ஊற்றிப் பார்த்தாள். பிசின் ஒரு மணி நேரம் அடங்கியது, துண்டுகள் மட்டும் திட்டுத்திட்டாய் வெளுத்தன. அன்றே மணப்பெண்ணின் அம்மா போனில் வந்தாள்.

"கேள்விப்பட்டோம். நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

இதற்குள் ஆரினை ஐந்து முறை கூப்பிட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் வடிகட்டியை மாற்றினான், காப்பி குடித்தான், "குறைச்சியா?" என்றான்.

"குறைச்சிட்டேன்," என்று அவள் பொய் சொல்லி முறைத்தாள்.

வெள்ளிக்கிழமை உடைந்துபோனாள். "நீ சொன்னதுதான் சரி. என்ன வேணா செய்."

அவன் தொட்டியைக் காலிசெய்து, தேய்த்துக் கழுவி, சூட்டைக் குறைத்தான். தண்ணீர் கண்ணாடியாய் வந்தது. கல்யாணக்காரர்களிடம் அவனே பேசித் திரும்ப அழைத்தான். சனிக்கிழமை காலை, யாரும் கேட்காமலே அவள் அடுப்பில் முட்டை வறுத்துக்கொண்டிருந்தான். விரட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

நான்காம் அறைப் பேராசிரியர் ஆம்டால் வாடிய முகத்தோடு வந்தார். பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளில் இருபது வருடமாக நுண்ணுயிர் தேடுபவர்.

"அத்தனையும் கொட்டிட்டீங்களா? மத்த ஜீவனோட நொதியெல்லாம் அந்தச் சூட்டுல வெந்துடும். இதோடது அப்பத்தான் வேலையே ஆரம்பிக்கும். உலகம் பூரா மரபணுவை நகலெடுக்கறதே இந்த மாதிரி நொதியாலதான்."

"உலகத்துக்கு என் குளியலறையில என்ன வேலை? ஆரின் முதல்லயே சொன்னான். நான்தான் கேக்கல."

"ஆரினா? செவ்வாக்கிழமை என்கிட்ட வந்தாரே. இதை எப்படிக் கொல்றதுன்னு கேக்கல. எத்தனை டிகிரியில நல்லா வளரும்னுதான் கேட்டார். நூத்தி அறுபதுன்னு சொன்னேன்."