ஆபீசர் அடுப்பு பற்றவைத்த கதை

ஆலைக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் சோகை பிடித்த குழந்தை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று நான் தீர்மானம் செய்தேன். நகராட்சியில் ஊட்டச்சத்துத் திட்ட அதிகாரி நான். தீர்மானம் செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

திட்டமும் போட்டேன். சமுதாயக் கூடம், சுவர் முழுக்கப் படங்கள், நடுவில் என் சொற்பொழிவு. முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் கூடத்துக் காவலாளி, மின்விசிறிக் காற்றுக்கு ஒதுங்கிய ஒரு பெரியவர், இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா.

"புரதம் ரொம்ப முக்கியம்" என்று ஆரம்பித்தேன்.

"விரதமா சார்? மாசக் கடைசியில எங்க வீட்ல அதுதானே நடக்குது!" என்று அந்த அம்மா எழுந்து போய்விட்டார். பெரியவர் தூங்கிவிட்டார். காவலாளிக்கு வேறு வழியில்லை, கேட்டார்.

விஷயம் எங்கள் துறை டைரக்டர் அம்மா காதுக்குப் போனது. "சனிக்கிழமை நானே வரேன். அன்னிக்கும் காலி நாற்காலிக்குத்தான் பாடம் நடத்தினீங்கன்னா திட்டத்தை மூடிடலாம். உங்களைக் கொசு ஒழிப்புக்கு மாத்திடறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன்.

"நல்லதுதானே? கொசுவாவது நீங்க பேசறப்ப பக்கத்துல வரும்" என்றாள்.

"விளையாடாதே. என் பேச்சுல என்ன குறை?"

"சத்தம் இருக்கு. சத்து இல்லை."

"இப்ப நான் என்னதான் பண்றது?"

"கூடத்தை நான் நிரப்பித் தரேன். எப்படின்னு மட்டும் கேக்கக் கூடாது."

கேட்கவில்லை. வெள்ளத்தில் போகிறவன் கையில் கிடைத்த கட்டையிடம் 'நீ என்ன மரம்?' என்றா விசாரிப்பான்? ஆனால் அவள் துணி தைக்கக் கொடுக்கும் தையல்காரம்மா அந்த ஆலைத் தெருக்காரர். அவருடைய மிஷினைவிட வாய் வேகம். அங்கேயாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை கூடத்தில் எள் போட இடமில்லை. ஜன்னல் கம்பிகளில் ஆண்கள் தொங்கினார்கள். முதல் வரிசையில் டைரக்டர் அம்மா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அன்பார்ந்த தாய்மார்களே..."

"அதெல்லாம் இருக்கட்டும் சார். அடுப்பை எப்பப் பத்த வைப்பீங்க?" என்றார் தையல்காரம்மா.

"எந்த அடுப்பு?"

மேஜையின் மேல் கிடந்த துணியை என் மனைவி மெதுவாக விலக்கினாள். அடுப்பு, பருப்பு, கட்டுக்கட்டாகக் கீரை. பாத்திரம் எங்கள் வீட்டுப் பாத்திரம்.

"ஆபீசர் தன் கையால சமைச்சுக் காட்டுவாருன்னு உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க. அதைப் பார்க்கத்தானே போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கோம்!"

வெந்நீர் வைப்பதே எனக்குப் பெரிய சமையல். ஒருவழியாக அடுப்பைப் பற்றவைத்தேன். கீரையை நறுக்கிவிட்டுக் கழுவப் போனேன். "ஐயோ சார்! கழுவிட்டு நறுக்கணும்! அதோ படத்துல போட்டிருக்கு!" கீரை வெந்த தண்ணீரைக் கொட்டப் பாத்திரத்தைச் சாய்த்தேன். கூடமே எழுந்து நின்றது. "கொட்டாதீங்க! சத்தெல்லாம் அதுலதான்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க!"

போன தடவை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்காத படங்களை இப்போது வரிக்கு வரி படித்தார்கள். என் தப்பைக் கண்டுபிடிக்கத்தான்! ஜன்னலில் தொங்கிய மூட்டை தூக்கும் தொழிலாளியை அவர் மனைவி அதட்டினார்: "பாத்துக்கோ. அவ்வளவு பெரிய ஆபீசரே செய்யறாரு, உனக்கென்ன கேடு?" அவர் பாவமாக, "பருப்பு எவ்வளவு நேரம் சார் வேகணும்?" என்று கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் விட்டத்தைப் பார்த்தாள்.

எப்படியோ வெந்தது. குழந்தைகள் பாத்திரத்தை வழித்து நக்கினார்கள். விரதம் என்று சொல்லிப் போன அம்மாவின் குழந்தை இரண்டாம் தடவை கை நீட்டியது. "இது மாசக் கடைசியிலயும் கட்டுப்படியாகும் சார்" என்றார் அவர். என் சொற்பொழிவு எதற்கும் அப்படி ஒரு வார்த்தை கிடைத்ததில்லை.

டைரக்டர் அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம்! திட்டம் தொடரும். வாரா வாரம் நீங்களே சமைக்கணும். உங்களுக்கென்ன கஷ்டம்? வீட்லயே தினமும் ராத்திரிச் சமையல் நீங்கதானாமே, உங்க மனைவி சொன்னாங்க!"

நெஞ்சிலிருந்து ஒரு மலை இறங்கியது. கொசுக்கள் பிழைத்தன, நானும் பிழைத்தேன். பொழுது சாயும் நேரத்தில் காற்றில் மிதந்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

"என் மானத்தையே காப்பாத்திட்டே. ஆனா ஒண்ணு. தினமும் ராத்திரி நான்தான் சமைக்கிறேன்னு டைரக்டர்கிட்ட எதுக்குப் பொய் சொன்னே?"

நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"பொய்யா? இன்னும் ராத்திரியே ஆகலையேங்க!"