ஜப்பான் படிக்கட்டில் ஒரு சூறைத்தேங்காய்

உலகத்தில் எந்தச் சாமியையும் அசலூர்ச் சாமி என்று நினைக்காத ஒரே மனிதர் எங்கள் தேங்காய் அண்ணாச்சிதான். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. கழுகுமலைக்குப் பஸ்ஸில் போனால் வழியில் தெரிகிற கோயிலுக்கெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார். பக்கத்து ஸீட்காரர் தூங்கினால் அவர் கன்னத்திலும் போட்டுவிடுவார்.

மிஷின் பார்க்க ஜப்பான் போனபோது மேனேஜரான என்னையும் கூட்டிப்போனார். பெட்டி நிறையக் கடம்பூர் போளி. மணிக்கு ஒன்று தின்னாவிட்டால் அவருக்குக் கை நடுங்கும். அடியில் ஒரு தேங்காய். அது எப்படிச் சோதனையைத் தாண்டியது என்பது அந்தச் சாமிக்கே வெளிச்சம்.

மறுநாள் காலை மச்சினன் போன் செய்தான். என் மனைவி செண்பகத்துக்குக் குடல்வால் வெடித்து, திருநெல்வேலியில் அவசர ஆபரேஷனாம். என் கைகால் ஓடவில்லை.

"எந்திரியும்வே, கோயிலுக்குப் போவோம்" என்றார் அண்ணாச்சி.

நாங்கள் தங்கிய கிராமத்தில் வயல்களுக்கு அப்பால் சிவப்பு வாசல் வைத்த மரக்கோயில் ஒன்று இருந்தது. ஆயிரம் வருஷப் பழசு. வாசல் தொட்டியில் எல்லோரும் கை கழுவ, இவர் கால் கழுவினார். உள்ளே சனங்கள் இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டார்கள்.

"சாமிய இப்படியா கைதட்டிக் கூப்பிடுவாவ? ஓட்டல்லயா இருக்கோம்?" என்றவர், கோயிலே அதிர இருபது தட்டு தட்டினார். "ரொம்பத் தூரத்துல இருந்து வந்திருக்கோம்லா!"

வெள்ளை உடுப்புப் பூசாரியிடம், "பேரு செண்பகம், நட்சத்திரம் கேட்டை" என்று கத்தினார். பூசாரி குனிந்தார். இவரும் குனிந்தார். பதிலுக்குப் பூசாரி இன்னும் குனிந்தார். நான் இழுக்காவிட்டால் இரண்டு பேரும் தரையைத் தொட்டிருப்பார்கள்.

வெளியே வந்ததும், தடுப்பதற்குள் கற்படியில் தேங்காயைச் சிதறடித்தார். கூட்டம் பதறி விலகியது. அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது.

"என்னவே, ஒருத்தரும் பொறுக்கலயே! ஆளு பொறுக்காட்டா நேர்ச்ச எப்படிச் சேரும்? நீரும் நானும் எடுக்கக் கூடாதுவே!"

பூசாரி ஓடி வந்தார். போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று பயந்தேன். அவரோ குப்பையாகிவிட்டதே என்று ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கத் தொடங்கினார்.

"பொறுக்கிட்டாருவே! சேந்துட்டு!" என்று அண்ணாச்சி குதித்தார்.

மத்தியானம் போன் வந்தது. செண்பகம் கண் விழித்துவிட்டாள். அண்ணாச்சி பெட்டியைத் திறந்து போளியை எடுத்தபோது அவர் கை நடுங்கியது. காலையிலிருந்து அவர் ஒன்றுகூடத் தின்னவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த முதல் போளியையும் என் வாயில்தான் ஊட்டினார்.