மாமனார் தந்த சைக்கிளும் நான் செய்த சர்வீஸும்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைப் பிரித்துப் பார்க்கும் ஆசை, ஆண்களுக்குக் கல்யாணமான புதிதில்தான் அதிகம் வருகிறது. வேடிக்கை பார்க்க ஒருத்தி இருக்கிறாள் அல்லவா!

எழுபதுகளின் தொடக்கம். அரூரில் நான் பள்ளி ஆசிரியர். கல்யாணத்துக்கு மாமனார் புது சைக்கிள் கொடுத்தார். கொடுக்கும்போதே, "இதப் பாத்துக்கத் தெரியுமுங்களா மாப்ள?" என்று கேட்டுவிட்டார். பந்தியே சிரித்தது. (எனக்குச் சோறு இறங்கவில்லை.) தலைப்பொங்கலுக்கு, தீர்த்தமலைப் பக்கம் இருந்த அவர் ஊருக்குப் போவதற்குள் சைக்கிள் வேலையைக் கற்றே தீருவது என்று முடிவு செய்தேன்.

போகியன்று காலை வாசலில் சாக்கை விரித்து, இரவல் ஸ்பேனரால் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினேன். மண்ணெண்ணெயில் கழுவினேன். கிரீஸ் தடவினேன், சைக்கிளுக்குக் கொஞ்சம், எனக்கு நிறைய. மனைவி சரசு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குள் அதுவரை "தண்ணி வேணுமுங்களா?" என்பதைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது சாக்கில் இரண்டு நட்டும் ஒரு வாஷரும் மிச்சம்.

"இது எங்கீங்க போவும்?"

"அது ஸ்பேர். கம்பெனிக்காரனே சேர்த்துக் கொடுப்பான்" என்றேன், வகுப்பில் பேசும் குரலில்.

மத்தியானம் அவளைக் கேரியரில் உட்கார வைத்துக் கிளம்பினேன். ஊர் தாண்டும்வரை சைக்கிள் சொன்ன பேச்சைக் கேட்டது. பிறகு ஓர் இறக்கம். அதன் முடிவில் ரோடு இடது பக்கம் வளைந்தது. ஹேண்டிலைத் திருப்பினேன். ஹேண்டில் திரும்பியது. சக்கரம் நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

"ஏங்க, எங்க போறீங்க?"

"தெரியலையே!"

ரோட்டோரம் காயப் போட்டிருந்த கொள்ளுச் செடிக் குவியலுக்குள் இருவரும் புகுந்தோம்.

எழுந்து பார்த்தேன். தலை முழுக்கச் சருகோடு, புதுப் புடவையில் கிரீஸோடு சரசு உட்கார்ந்திருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

"உங்கப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

சிரிப்பு நின்றது. "நான் சொல்லிக்கறேன், வாங்க."

மிச்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். வழியெல்லாம் அவள் பேசினாள். கிணற்றில் நீச்சல் பழகியது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது எல்லாம். "வாத்தியாருன்னதும் பெரம்பு வெச்சிருப்பீங்களோன்னு பயந்தே போயிட்டேங்க" என்றாள். நானும் அவளிடம் பயந்துகொண்டிருந்ததைச் சொன்னேன்.

மாமனார் தெருமுனையிலேயே காத்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் சரசு முந்திக்கொண்டாள். "எருமை ஒண்ணு குறுக்க வந்துருச்சுப்பா. அது மேல ஏத்தக் கூடாதுன்னு இவரு வண்டிய ஓரமா ஒடிச்சாரு. இல்லாட்டி எங்க கதி..." என்று வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் எனக்கு மிளகாய் சுற்றிப்போட ஓடினார்.

மாமனார் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, ஹேண்டிலை ஆட்டிப் பார்த்தார். விரலாலேயே ஒரு போல்ட்டைச் சுழற்றினார். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"கெட்டிக்கார எருமைங்க மாப்ள. போற போக்குல போல்ட்டெல்லாம் தளத்தி வுட்டுட்டுப் போயிருக்குது. வூட்டுக்குள்ள வாங்க, மொதல்ல கை கழுவுங்க."

இப்போதும் வீட்டில் மிக்சி நின்றாலோ ஃபேன் முனகினாலோ, நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டதும் பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள்: "ஆயா, எருமை வந்துருச்சு!"

சமையலறையிலிருந்து சரசு சொல்வாள்: "புடிச்சுக் கட்டி வைங்க. அதுக்குக் காப்பி கொண்டாறேன்."