டிக்கெட் ஜன்னல்ல கேட்ட கேள்வி

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. சங்ககிரி ஸ்டேஷன்ல ரயிலேறி ஈரோட்டுக்குப் போய்ப் பொண்ணு பார்க்கணும்.

கூட வந்தவர் என் தாய்மாமன். காலை வண்டியை விட்டா அடுத்தது சாயங்காலந்தான். மத்தியானத்துக்குள்ள வரலைன்னா வேற மாப்பிள்ளைக்குச் சொல்லிடுவோம்னு பொண்ணு ஊட்டுல கறாராச் சொல்லியிருந்தாங்க. எனக்கோ அந்தப் பொண்ணைத் தேர்த்திருவிழாவுல பார்த்ததுல இருந்து சோறு இறங்கல!

டிக்கெட் ஜன்னலுக்குள்ள தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிளார்க் ஒருத்தர். மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க போறீங்க?"

அவ்வளவுதான், மாமா முகம் சுண்டிப்போச்சு! நல்ல காரியத்துக்குக் கிளம்புறவங்களை எங்க ஊர்ல அப்படிக் கேக்கவே மாட்டாங்க. 'தூரமுங்களா?'ன்னுதான் கேப்பாங்க.

"சகுனத்தடை மாப்ளே!"

தடை கழியட்டும்னு வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, சொம்புத் தண்ணியைக் குடிச்சிட்டு மறுபடி கிளம்பி வந்தார்.

"எங்க போறீங்க?"

மறுபடி வேப்பமரம்! அதுக்குள்ள வண்டி வர்றதுக்குக் கைகாட்டி இறங்கிடுச்சு. மாமாவுக்கு முன்னாடி நான் ஜன்னலுக்கு ஓடினேன்.

"ஏனுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க. அவரு வந்தா 'தூரமுங்களா'ன்னு மட்டும் கேளுங்க!"

நல்ல மனுசன். மாமா வந்ததும் வாய் நிறையக் கேட்டார்.

"தூரமுங்களா?"

மாமா பூரிச்சுப் போனார். "ஆமாங்க சாமி, கொஞ்சம் தூரந்தானுங்க!"

அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சிக்கிட்டே நின்னாங்க. எந்த ஊருக்குன்னு டிக்கெட்டைக் கிழிப்பார் பாவம்? வண்டி வேற வந்து நின்னுடுச்சு!

"ஈரோடு! ரெண்டு பேருக்கு!"ன்னு நானே கத்தினேன். மாப்பிள்ளை இப்படிக் கத்தலாமான்னு மாமா முறைச்சார். ஓடி ஏறினோம்.

அப்பாடான்னு உட்கார்ந்தா, கறுப்புக் கோட்டோட டிக்கெட் பரிசோதகர் வந்து நிக்கிறார்.

"எங்க போறீங்க?"

அடுத்த ஸ்டேஷன்ல மாமா சொம்போட இறங்கிட்டார். "நீயும் இறங்குடா மாப்ளே!"

நான் இறங்கல.

பொண்ணு பார்க்க ஒத்தையாப் போன மாப்பிள்ளை எங்க வட்டாரத்துலயே நான்தான். கூச்சத்துல நெளிஞ்சேன். பொண்ணு கதவுக்குப் பின்னாடி நின்னு சிரிச்சா. அந்தச் சிரிப்புலயே பேச்சு முடிஞ்சுது. மாமா பொழுது சாய மாட்டு வண்டியில வந்து சேர்ந்தார். மாடு எதையும் கேக்காதாம்.

கல்யாணமும் ஆச்சு. இப்போ நான் செருப்புல காலை விட்டாப் போதும், உள்ள இருந்து குரல் வருது.

"எங்க போறீங்க?"