உலகம் அழியும் விதங்களும் பதினோராம் நம்பர் ரூமும்

அன்புள்ள தங்கை ஜாஸ்பினுக்கு,

அண்ணன் ஜெயசுந்தர் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் மதினி செல்வமணியும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம். நாகர்கோவிலில் நீயும் மாப்பிள்ளை சத்தியநாதனும் சுகமாக இருக்கவும், உன் ஆஸ்பத்திரியில் இந்த மாதமாவது உனக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கவும் ஜெபிக்கிறோம். உன் அண்ணன் உலகம் அழியப்போகிறது என்று அறிவித்து ஒரு பட்டாசுக் கம்பெனியை மூடவைத்துவிட்டதாகச் சபை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, மதினியிடம் போனில் அழுதாயாமே. நான் உலகத்தையும் அழிக்கவில்லை, கம்பெனியையும் மூடவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் என் போனை மதினி பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

அதற்கும் காரணம் உண்டு. முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தவனுக்குப் பொழுது போக வேண்டாமா, ஏதோ ஒருநாள் போனில் மனித நாகரிகம் எப்படியெல்லாம் முடியலாம் என்று ஒரு வீடியோ வந்தது, பார்த்தேன், அது அடுத்ததைக் கொண்டுவந்தது, அது இன்னொன்றை, ஒரு மாதத்தில் விண்கல், எரிமலை, அணுகுண்டு, புதுப் புதுக் கிருமி, பூமிச் சூடு, தானாக யோசிக்கிற கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் நான் ஒரு நிபுணன் ஆகிவிட்டேன். சாப்பிடும்போது மதினிக்கும் எடுத்துச் சொல்வேன். பனி உருகிக் கடல் உயரும் என்றேன். "விருதுநகர் வரைக்கும் கடல் வந்தா நல்லதுதான, தண்ணிக் கஷ்டமாவது தீரும்" என்றாள். அவள் வாயை அடைக்க முடியாமல், முன்னெச்சரிக்கையாகப் பதினாறு டிரம்மில் தண்ணீர் பிடித்து மொட்டை மாடியில் வைத்தேன். மூன்றே வாரத்தில் அத்தனையிலும் கொசுப் புழு. சுகாதார ஊழியர்கள் வந்து தெருவே பார்க்கக் கவிழ்த்துவிட்டு, "சார், கிருமிக்குப் பயந்து நீங்களே கிருமி வளக்கீகளே" என்று சொல்லிப் போனார்கள். அன்றைக்குத்தான் போன் பானைக்குள் போனது.

அத்தோடு நான் அடங்கியிருக்க வேண்டும். நம் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் விக்னேஷ்குமார் வந்து, அறிவியல் தினத்துக்கு ஒரு சொற்பொழிவு வேண்டும், தலைப்பு உங்கள் இஷ்டம் என்றான். எனக்கு இருந்தது ஒரே தலைப்புதான். கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள் என்று நினைத்துப் போனால், ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு என்பதால் வந்து உட்கார்ந்திருந்தது முக்கால்வாசி பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்கள். நான் விடவில்லை. விண்கல்லிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒன்றரை மணி நேரம் பேசினேன். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றேன். பின் வரிசையிலிருந்து இருளம்மாள் எழுந்தாள். இருபது வருஷமாக மருந்து செலுத்துகிறவள். மருந்து என்றால் உன் ஆஸ்பத்திரி மருந்து இல்லை, வெடி மருந்து.

"சார், அந்த அணுகுண்டு மொத்தம் எம்புட்டு இருக்கு?"

"ஆயிரக்கணக்கில் இருக்கிறதம்மா."

"இன்னைக்குச் செலவுக்கா வச்சிருக்காக?"

"இல்லை. சும்மா வைத்திருக்கிறார்கள்."

"மருந்தச் சும்மா வைக்கலாமா சார்? அன்னன்னைக்குக் கலந்தது அன்னன்னைக்குத் தீரணும். மிச்சம் இருந்தா அழிச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். ரூமுக்கு நாலு பேருதான். கதவு ரெண்டும் வெளிய பாத்துத் தெறக்கணும். எதையும் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்கணும். உச்சி வெயில்ல மருந்துல கை வைக்கக் கூடாது. இதெல்லாம் அவுகளுக்கு யாரும் சொல்லலையா? அங்கன போர்மேன் கெடையாதா?"

ஜாஸ்பின், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு மாதமாக எத்தனையோ மேதைகள் போனுக்குள்ளிருந்து பேசக் கேட்டேன், ஒருத்தரும் இத்தனை சுருக்கமாகக் கேட்கவில்லை. உலகம் முழுவதையும் யோசித்துப் பார். சூடு ஏறுகிறது என்று தெரிந்தும் வேலையை நிறுத்துகிறவர் இல்லை, எல்லோரும் ஒரே ரூமுக்குள் இருக்கிறோம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பதில் தெரியாத வாத்தியார் என்ன செய்வான், திருப்பிக் கேள்வி கேட்பான். நானும் கேட்டேன். "சரி, உங்கள் கம்பெனியில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறீர்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். இருளம்மாள்தான் மெதுவாகச் சொன்னாள். "ஆர்டர் சாஸ்தி சார். ரூமுக்கு எட்டுப் பேரு இருக்கோம்."

நான் நன்றி கூறி, வடை சாப்பிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். நன்றி கூறி, வடை சாப்பிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் மோட்டார் பைக். அந்தக் கம்பெனி போர்மேன் ஊர்க்காவலன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன்தான், அறிவியலில் இரண்டு தடவை தவறியவன். "சார், என்ன சார் சொல்லிக் குடுத்தீக? ரூமுக்கு நாலு பேரு போய்ட்டு, மிச்ச ஆளுக பூராம் வேப்பமரத்தடியில உக்காந்துருக்காக. கேட்டா, எட்டுப் பேரு உக்காந்தா உலகம் அழியிற மாதிரி நாங்களும் அழிஞ்சிருவோம்கிறாக. மேனேஜர் என்னயக் கிழிக்காரு. சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுகினு ஏதும் போட்டிருக்கீகளா?" என்றான். மனு போடுகிற தைரியம் எனக்கு எங்கே இருக்கிறது? நீங்கள் வந்து உலகம் அழியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலைக்குப் போய்விடுவார்கள் என்று பின்னால் ஏற்றிக்கொண்டு போனான்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெறுங்காலோடு நடந்தேன். மேனேஜர் கத்தியதில் சிலர் பயந்து எழுந்து ரூம்களுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் மீதிப் பேர். மேனேஜர் என்னைக் காட்டி, "சாரே வந்துட்டாரு, கேட்டுக்கோங்க" என்றார்.

நான் பேசுவதற்குள் இருளம்மாள் எழுந்துவிட்டாள். "சார், நீங்க என்ன சொன்னாலும் கேக்கோம். இந்தா பதினோராம் நம்பர் ரூம்ல நாலு பேரு இருக்காக. நீங்க அஞ்சாவதாப் போய் உக்காருங்க. பின்னாடியே நாங்க வாரோம்."

நான் பதினோராம் நம்பர் வாசல் வரை போனேன். அறை நம் வீட்டு அடுப்படி அளவுதான். தரையெல்லாம் சாம்பல் நிறத் தூள். சிட்டுக்குருவி போலக் கைகள் வேகமாக வேலை செய்துகொண்டிருந்தன. ஒருத்திகூட நிமிரவில்லை. என் கால் வாசலைத் தாண்ட மறுத்தது. ஒரு பொறி பட்டால் அத்தனையும் முடிந்துவிடும் என்று ஒரு மாதமாக உலகத்தைப் பற்றிப் பேசினவன், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த வாசலில்தான் புரிந்துகொண்டேன். திரும்பி நின்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி, "நாலு பேர்தான்!" என்று கணீரென்று சொன்னேன்.

மேனேஜர் என்னை விட்டுவிட்டு ஊர்க்காவலனைப் பிடித்துக்கொண்டார். "நீ போர்மேனா, வேடிக்கை பாக்க வந்தவனா? உள்ள போகச் சொல்லு." ஊர்க்காவலன் பதினோராம் நம்பரை எட்டிப் பார்த்தான். உள்ளே இருந்தது நாலு பேர் இல்லை, ஐந்து பேர். சற்று முன் பயந்து போய்ப் பின்கதவு வழியாக நுழைந்து உட்கார்ந்திருந்த ஐந்தாவது ஆள் அவன் பெண்டாட்டி ரோஜா.

"ஏ ரோஜா, எந்திரிச்சு வெளிய வா."

"ஏங்க?"

"நீ அஞ்சாவது. வா வெளிய."

அவள் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சேலை எதிலும் உரசாமல் ஒதுக்கிப் பிடித்தபடி வந்தாள். அவன் அவள் வந்து மரத்தடியில் நிற்கும்வரை பார்த்துவிட்டு மேனேஜரிடம் திரும்பினான். "சார், எம் பொண்டாட்டிய வெளிய கூப்பிட்டுட்டு அடுத்தவன் பொண்டாட்டிய உள்ள போகச் சொல்ல என்னால முடியாது." அறிவியலில் இரண்டு தடவை தவறியவன், ஜாஸ்பின்.

அன்றைக்கு மத்தியானம் முதலாளியிடம் போனில் நீண்ட பேச்சு நடந்தது. இப்போது ரூமுக்கு நாலு பேர்தான். பூட்டிக் கிடந்த ஆறு ரூம்களைத் திறந்திருக்கிறார்கள். லோடு தாமதமாகத்தான் போகிறது. தீபாவளி சீசன் நெருங்கும்போது என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஊர்க்காவலன் வேலையில் இருப்பானா என்றும் தெரியாது. உலகத்துக்கு என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியாது. மற்றபடி நடந்தது இவ்வளவுதான். சபையில் கேட்டால் உன் அண்ணன் தைரியமாக நின்றான் என்று சொல்.

உன் கையால் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எல்லோரும் எழுந்து நடந்து வீடு போய்ச் சேரட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு
அண்ணன் ஜெயசுந்தர்

பின்குறிப்பு: மதினி இதைப் படித்துவிட்டு, பொய்யைத் தபாலில் சேர்க்க மாட்டேன் என்கிறாள். ஆகவே எழுதுகிறேன். நான் "நாலு பேர்தான்" என்று சொல்லவில்லை. அந்த வாசலில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "நான் சொன்னது தப்பு, எல்லோரும் வேலைக்குப் போங்கள்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நா" வரைக்கும்தான் சத்தம் வந்தது. உடனே இருளம்மாள், "நாலுன்னுட்டாரு சார், கேட்டுக்கோங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்திவிட்டாள். அவளுக்கு நிஜமாகவே அப்படித்தான் கேட்டதா என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. நேற்று கடைத்தெருவில் பார்த்தபோது, "இனிமே முழுசாப் பேசிருங்க சார், எல்லா நேரமும் நான் பக்கத்துல இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள்.